நாகர்கோவில் – திருவனந்தபுரம் புறநகர் ரயில்: எங்கிருந்து தொடங்குவது?

மார்த்தாண்டத்துக்குப் பக்கத்து ஊரிலிருந்து தினமும் திருவனந்தபுரத்தை அடுத்த கழக்கூட்டம் டெக்னோபார்க்குக்கு வேலைக்குப் போய்வருகிற தம்பி ஒருவர் கேட்டது இது: "நாகர்கோவில் மாநகராட்சி ஆகிவிட்டது. வீடுகள் பெருகிக்கொண்டே போகின்றன. சென்னையில் ஓடுவதுபோல நமக்கும் ஒரு புறநகர் ரயில் பாதையைப் புதிதாகத் தொடங்க முடியாதா? எங்கள் குடியிருப்போர் சங்கம் மனு எழுதப்போகிறது. அதில் என்னவெல்லாம் கேட்கலாம்?"

நான் முப்பது வருஷத்துக்கு மேல் ரயில்வேயில் இருந்தவன். முதலில் டிக்கெட் கவுண்டரில், பிறகு ஸ்டேஷன் மாஸ்டராக. அதில் பெரும்பகுதி இந்தத் தடத்தில்தான் கழிந்தது. அதனால் கொஞ்சம் நீட்டித்தான் பதில் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று. மனுவில் "புதுப் பாதை" என்ற சொல்லை எழுதாதீர்கள். நமக்குத் தேவையான பாதை ஏற்கெனவே தரையில் கிடக்கிறது. 1972-ல் அடிக்கல் நாட்டி 1979 ஏப்ரலில் வண்டி ஓடத் தொடங்கிய திருவனந்தபுரம் – நாகர்கோவில் – கன்னியாகுமரி பாதை அது. நாகர்கோவில் ஜங்ஷனிலிருந்து திருவனந்தபுரம் சென்ட்ரலுக்கு 71 கிலோமீட்டர், கன்னியாகுமரிக்கு 16 கிலோமீட்டர். இரணியல், பள்ளியாடி, குழித்துறை, பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம், நேமம் என்று ஒரு புறநகர்ப் பாதைக்கு எங்கெங்கே ஸ்டேஷன் வேண்டுமோ அநேகமாக அங்கெல்லாம் இருக்கிறது. மின்மயமும் ஆகிவிட்டது. இல்லாதது நம்பிப் போகக்கூடிய நேர அட்டவணை. நான் கேட்கச் சொல்வதும் அதைத்தான்.

ஏன் அட்டவணையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்பதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். கவுண்டரில் உட்கார்ந்திருந்த காலத்தில் காலையில் முதல் பாசஞ்சருக்கு ஒரு அம்மா வருவார். தலையில் ஓலைப்பெட்டி நிறைய கருப்பட்டி, கையில் ஒரு துணிப்பை. திருவனந்தபுரத்தில் சாலைக் கம்போளம் என்கிற சந்தையின் கடைகளுக்குக் கொடுத்துவிட்டு வருவார். சில்லறையை எண்ணி வைத்துக்கொண்டு, டிக்கெட்டை வாங்குவதற்கு முன்னால் ஒரே கேள்விதான் கேட்பார்: "ராத்திரி திரும்பி வர வண்டி கிட்டுமா சாரே?" கிட்டும் என்றால்தான் கை நீளும். அன்றைக்கு ஏதாவது காரணத்தால் சாயங்கால வண்டி ரத்து என்று சொன்னால், வந்த வழியே ரோட்டுக்குத் திரும்பி பஸ் பிடிப்பார். போகிற வண்டி கண் முன்னால் நின்றாலும் ஏறமாட்டார். அவர் மட்டுமில்லை, ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், கடையில் நிற்கிற பெண்பிள்ளைகள், நர்ஸ்மார், எல்லாரும் இதைத்தான் கேட்டார்கள். போகிற வண்டியை யாரும் விசாரித்ததாக எனக்கு நினைவில்லை, அது அவர்களுக்கே தெரியும்.

பிறகு ஒரு தடவை சாயங்கால வண்டியை முக்கால் மணி நேரம் பின்னால் தள்ளினார்கள். வேறு ஏதோ நீண்டதூர வண்டிக்கு வழி விடுவதற்காக. நாலைந்து மாதத்தில் எங்கள் ஸ்டேஷனில் சீசன் டிக்கெட் எடுப்பவர்கள் கண்ணுக்குத் தெரியக் குறைந்துபோனார்கள். காலை வண்டி அதே நேரத்தில், ஆனால் காலி இருக்கைகளோடு ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம் "இந்தத் தடத்தில் கூட்டமில்லை" என்று ஒரு குறிப்பு எழுதப்பட்டது. அதைப் படித்தபோது எனக்கு மனசு ஆறவே இல்லை. கூட்டம் இருந்தது. திரும்பி வர வழி இல்லாததால் அது பஸ்ஸுக்கும் பைக்குக்கும் போய்விட்டது.

இனி நம் மாவட்டத்தின் அமைப்பு. 2011 கணக்கெடுப்பில் குமரி மாவட்டத்தில் 18.7 லட்சம் பேர். சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர், தமிழ்நாட்டில் சென்னைக்கு அடுத்த நெருக்கம். நூற்றுக்கு எண்பதுக்கு மேல் நகர்ப்புறம் என்று கணக்கில் வருகிறது. ஆனால் ஒரு பெரிய நகரம், சுற்றிலும் வயல், அப்புறம் அடுத்த ஊர் என்ற அமைப்பு இங்கே கிடையாது. களியக்காவிளையிலிருந்து மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் வரை ரோட்டோரம் வீடும் கடையும் விடாமல் தொடர்ந்து வரும். தென்னைக்கும் ரப்பருக்கும் நடுவில்கூட ஐந்து சென்ட், பத்து சென்ட் என்று வீடுகள். அந்த ரோட்டை அகலப்படுத்த இடமில்லை. மார்த்தாண்டத்தில் 2018-ல் இரும்புப் பாலம் திறந்தார்கள். மேலே போகிறவர்களுக்கு நிம்மதி, கீழே சந்தைக்குப் போகிறவர்களுக்கு இன்னும் நெரிசல்தான். நாலுவழிச் சாலை வேலை, கரை போட மண் கிடைக்காமல் எத்தனை வருஷம் கிடந்தது என்று நம் எல்லாருக்கும் தெரியும். இப்படி நூல்போல நீண்ட ஊருக்கு ரயில்தான் பொருத்தம். நூலில் மணி கோர்த்தமாதிரி ஸ்டேஷன்கள் நிற்கின்றன.

சிக்கல் என்னவென்றால், மணிகள் ஊருக்குள் இல்லை, கொஞ்சம் தள்ளி நிற்கின்றன. மார்த்தாண்டத்துக்கு ஸ்டேஷன் குழித்துறை. தக்கலைக்கும் குளச்சலுக்கும் இரணியல். நாகர்கோவிலிலேயே பாருங்கள்: ஜங்ஷன் கோட்டாறு பக்கம், பஸ் எல்லாம் வந்து குவிகிற வடசேரி இன்னொரு மூலையில், டவுன் ஸ்டேஷன் பார்வதிபுரம் பக்கம் உள்ளே தள்ளி. வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு ஆட்டோவில் போய்த்தான் வண்டி பிடிக்க வேண்டும் என்றால், ரயில் டிக்கெட்டைப்போல பல மடங்கு ஆட்டோவுக்குப் போய்விடும். எந்தச் சம்பளக்காரரும் மாதம் இருபத்தைந்து நாள் அப்படிச் செய்யமாட்டார்.

இதைச் சென்னையே பட்டுத் தெரிந்துகொண்டது. அங்கே கடற்கரை – தாம்பரம் மின்சார ரயில் 1931-லிருந்து ஓடுகிறது. மக்கள் அதை நம்பி, அதைச் சுற்றியே குடியேறினார்கள். ஆனால் 1995-ல் கடற்கரை – சேப்பாக்கம் என்று தொடங்கி 2007-ல் வேளச்சேரி வரை போன பறக்கும் ரயிலில் வெகுகாலம் எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. பெரிய பெரிய ஸ்டேஷன்கள் கட்டினார்கள், வாசலில் பஸ் நிற்காது. வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்கு இணைக்க வேண்டியது சுமார் 5 கிலோமீட்டர்தான். அதில் அரை கிலோமீட்டர் நிலம் வழக்கில் சிக்கி, வேலை பத்து வருஷத்துக்கும் மேல் இழுத்தது. 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தைத் திறந்தார்கள். தண்டவாளம் பக்கத்திலேயே போகிறது, ஆனால் திறந்த அன்று அங்கே ரயில் நிற்க ஸ்டேஷன் இல்லை. மூட்டை முடிச்சோடு ஜனங்கள் பட்ட பாட்டைப் பார்த்தோம். ரயிலும் பஸ்ஸும் ஒரே நாளில் ஒன்றையொன்று தொட வேண்டும். ஒன்று முந்தி மற்றொன்று பிந்தினால், இடைப்பட்ட காலத்தில் பைக் வாங்கியவர் திரும்பி வரமாட்டார்.

ஆகவே மனுவில் முதல் கோரிக்கை ரயில்வேக்கு இல்லை, அரசு போக்குவரத்துக் கழகத்துக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும்தான். குழித்துறை ஸ்டேஷன் – மார்த்தாண்டம், இரணியல் ஸ்டேஷன் – தக்கலை, இரணியல் – திங்கள்நகர் – குளச்சல், ஜங்ஷன் – வடசேரி. இந்த நான்கு தடத்திலும் வண்டி நேரத்துக்கு ஒத்துப்போகிற மினிபஸ். ஸ்டேஷன் வாசலில் பைக் நிறுத்தக் கூரையும் விளக்கும். ராத்திரி எட்டரைக்கு இறங்கி இருட்டில் பைக்கைத் தேடுகிற பெண்ணுக்கு அந்த ஒரு விளக்கு பெரிய விஷயம்.

இரண்டாவது, தண்டவாளத்தின் கொள்ளளவு. இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் "ஒரு வண்டி விடுவதற்கு என்ன கேடு?" என்று கேட்பவர்களுக்கு ரயில்வே தரப்பில் வருகிற பதில் பெரும்பாலும் இதுதான், அதில் நியாயமும் உண்டு.

ஒற்றைப் பாதையில் இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் போகலாம். எதிரே வருவது ஸ்டேஷனில் காத்து நிற்க வேண்டும், அதைத்தான் கிராசிங் என்கிறோம். ஒரு பாதையில் நாளைக்கு எத்தனை வண்டி ஓட்டலாம் என்பதற்கு ஸ்காட் சூத்திரம் என்று ஒன்று இருக்கிறது. நாளின் 1,440 நிமிடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இருப்பதிலேயே நீளமான துண்டை மெதுவான வண்டி கடக்க 15 நிமிடம், சிக்னல் கொடுத்து அடுத்ததை அனுப்ப 5 நிமிடம் என்று உதாரணத்துக்கு வைப்போம். மொத்தம் 20. 1,440-ஐ 20-ஆல் வகுத்தால் 72. பராமரிப்பு, தாமதம் எல்லாம் கழித்து அதில் நூற்றுக்கு 70 பங்குதான் நடைமுறையில் கிடைக்கும் என்பது கணக்கு. ஆக, இரு திசையும் சேர்த்து 50 வண்டி. அந்த 50-க்குள்ளேதான் நீண்டதூர எக்ஸ்பிரஸ்கள், சரக்கு, தண்டவாள வேலைக்கான நேரம், நம்முடைய பாசஞ்சர் எல்லாம் அடங்க வேண்டும். கன்னியாகுமரி நாட்டின் கடைசி ஸ்டேஷன். அசாமின் திப்ருகரிலிருந்து சுமார் 4,200 கிலோமீட்டர் ஓடிவரும் விவேக் எக்ஸ்பிரஸும் இந்தப் பாதையில்தான் வந்து முடிகிறது. அத்தனை தூரம் வந்த வண்டி ஒரு மணி தாமதமாக வந்தால், கிராசிங் எல்லாம் கலைந்து, கடைசியில் நிற்க வைக்கப்படுவது பாசஞ்சர்.

திருநெல்வேலிப் பக்கம் நமக்கு விடிந்துவிட்டது. மதுரை – நாகர்கோவில் இரட்டைப் பாதை 2024-ல் முடிந்தது. அதே வருஷம் ஆகஸ்ட் 31-ல் சென்னை எழும்பூர் – நாகர்கோவில் வந்தே பாரத்தும் வந்தது. திருவனந்தபுரம் பக்கம் இரண்டாவது பாதை துண்டு துண்டாகத்தான் நகர்கிறது. பள்ளியாடி, குழித்துறைப் பக்கமெல்லாம் பாதை ஆழமாக வெட்டிய மண்ணுக்கு நடுவில் போகிறது. 2021 நவம்பர் மழையில் மண் சரிந்து வண்டிகள் நின்றது நினைவிருக்கும். அந்த இடத்தில் இன்னொரு பாதைக்கு வெட்டுவது லேசுப்பட்ட வேலை இல்லை. இன்னொன்றையும் கணக்கில் வையுங்கள். விழிஞ்ஞம் துறைமுகத்திலிருந்து பாலராமபுரத்துக்குச் சுமார் 10.7 கிலோமீட்டர், பெரும்பகுதி சுரங்கமாக, ரயில் இணைப்புத் திட்டம் இருக்கிறது. அது வந்தால் கண்டெய்னர் சரக்கு நம் தடத்தில்தான் ஏறும். இரண்டாவது பாதை முடிவதற்குள் சரக்கு வந்து உட்கார்ந்தால் பாசஞ்சருக்கு இடமே இராது. ஹைதராபாத்தில் 2003-ல் எம்எம்டிஎஸ் என்ற புறநகர் ரயில் தொடங்கியபோது இருந்த பாதையிலேயே ஓட்டினார்கள், செலவு மிச்சம். நீண்டதூர வண்டிகளோடு பங்கு போட வேண்டியிருந்ததால் சென்னைபோல நிமிடக் கணக்கில் வண்டி விட முடியவில்லை. நாமும் அதே பள்ளத்தில் விழக்கூடாது என்றால், இரட்டைப் பாதை போடும்போதே தானியங்கி சிக்னலும் சேர்த்துக் கேட்க வேண்டும். ஒரு கிலோமீட்டருக்கு ஒன்று என்ற கணக்கில் சிக்னல் நட்டால், முன்னால் போகிற வண்டி அடுத்த ஸ்டேஷனைச் சேரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, பின்னாலேயே அடுத்தது கிளம்பலாம். பாதை போட்டு முடித்தபின் இதைத் தனியாகக் கேட்டால் இன்னொரு பத்து வருஷம்.

வண்டி எது என்று கேட்டால் மெமு, அதாவது தனி எஞ்சின் இல்லாமல் பெட்டியிலேயே மோட்டார் உள்ள மின்சார ரயில். எஞ்சின் தனியாக முன்னால் இழுக்கிற வண்டி ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நின்று வேகம் எடுக்க நேரம் பிடிக்கும். மெமுவில் நாலு பெட்டிக்கு ஒரு மோட்டார் பெட்டி இருப்பதால் சட்டென்று கிளம்பும். கடைசி ஸ்டேஷனில் எஞ்சினைக் கழற்றி மறுபக்கம் மாட்டுகிற வேலையும் இல்லை. ஓட்டுநர் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்து போனால் போதும். மெமு பராமரிக்கும் ஷெட் கொல்லத்தில் இருக்கிறது, ஆகவே அதற்கென்று நாகர்கோவிலில் கோடிகள் கொட்ட வேண்டியதில்லை. ராத்திரி நிறுத்திவைக்க ஒரு லைன் போதும். அதில் ஒரு பெட்டி வியாபாரிகளுக்கென்று இருக்க வேண்டும். வாழைத்தாரும் மீன் சருவமும் பூக்கூடையும் கொண்டுபோகிறவர்களைப் பஸ்ஸில் எப்படி நடத்துகிறார்கள் என்று பார்த்திருக்கிறேன். பாரம் வைக்க இடமுள்ள பெட்டி ஒன்று இருந்தால் அவர்கள் யாரிடமும் கெஞ்ச வேண்டாம்.

இப்போது, நீங்கள் கேட்க மறந்த ஒன்று. நீங்கள் வேலை செய்வது கழக்கூட்டத்தில், சென்ட்ரலில் இல்லை. வேளியில் இறங்கும் விண்வெளி மையத்து ஊழியரும் அப்படித்தான். நாகர்கோவில் வண்டி சென்ட்ரலோடு நின்றுவிட்டால், அங்கே இறங்கி மறுபடி பஸ். போதாக்குறைக்கு, சென்ட்ரலில் இருப்பதே ஐந்து பிளாட்பாரம். ஒரு வண்டி அங்கே வந்து முடிந்து, திரும்பிக் கிளம்பக் குறைந்தது இருபது நிமிடம் பிளாட்பாரத்தைப் பிடித்துக்கொள்ளும். அங்கே முடியாமல் மேலே போகிற வண்டிக்கு மூன்று நிமிடம் போதும். எனவே நாகர்கோவில் – சென்ட்ரல் – கொச்சுவேளி – வேளி – கழக்கூட்டம் என்று நேராகப் போகும்படி கேளுங்கள். (கொச்சுவேளிக்கும் நேமத்துக்கும் இப்போது திருவனந்தபுரம் வடக்கு, தெற்கு என்று பெயர். எனக்குப் பழைய பெயர்தான் வாயில் வருகிறது.) சென்ட்ரலுக்கு வடக்கே ஏற்கெனவே இரட்டைப் பாதை. அந்தப் பக்கத்து ஆட்களுக்கும் பயன் என்றால் கேரளத்திலிருந்தும் ஆதரவு வரும். மாநில எல்லை தாண்டுகிற பஸ்ஸுக்கு ஒப்பந்தமும் பெர்மிட்டும் வேண்டும், ரயிலுக்கு அந்தத் தடை கிடையாது. நம் மாவட்டத்துப் பாதைகள் திருவனந்தபுரம் ரயில்வே கோட்டத்தில் இருப்பதில் பலருக்கும் மனக்குறை உண்டு, மதுரையோடு சேர்க்கக் கேட்பது பழைய கோரிக்கை. அந்த வழக்குத் தனி. ஆனால் இந்த ஒரு காரியத்தில் முழுத்தடமும் ஒரே கோட்டத்தின் கையில் இருப்பது நமக்குச் சாதகம் என்றே நினைக்கிறேன்.

நாகர்கோவிலுக்கு உள்ளே ஒரு சிக்கல். திருவனந்தபுரத்திலிருந்து வந்து திருநெல்வேலிக்குப் போகிற வண்டி ஜங்ஷனுக்குள் நுழைந்தால் எஞ்சினை மாற்றிப் போட்டுத்தான் வெளியே வர வேண்டும். அதனால்தான் சில வண்டிகள் டவுன் ஸ்டேஷன் வழியாகவே போய்விடுகின்றன. மெமு வந்தால் இந்தத் தலைவலி குறையும். ஆனால் ஊர்க்காரர்களுக்கு "நம் வண்டி எந்த ஸ்டேஷன்?" என்ற குழப்பம் இருக்கக்கூடாது. எல்லா மெமுவும் இரண்டிலும் நிற்க வேண்டும்.

கட்டணம் பற்றிச் சுருக்கமாக. கொரோனாவில் நின்ற பாசஞ்சர்கள் திரும்பி வந்தபோது சிறப்பு எக்ஸ்பிரஸ் என்ற பெயரில் வந்தன, குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாயிலிருந்து 30 ஆனது. 2024 பிப்ரவரியில்தான் பழையபடி 10 ஆனது. இடையில் பிரிந்துபோன தினசரிப் பயணிகளைத் திரும்ப அழைக்க வேண்டியிருக்கிறது. மாத சீசன் 150 கிலோமீட்டர் வரை கிடைக்கும் என்பதுகூடப் பல இளவட்டங்களுக்குத் தெரியவில்லை.

சரி, இரட்டைப் பாதை முடியும்வரை சும்மா இருக்க வேண்டுமா? வேண்டாம். இருக்கிற பாதையிலேயே தொடங்கலாம், ஆனால் சிறிதாக, உறுதியாக. காலையில் அலுவலக நேரத்துக்குப் போய்ச் சேரும்படி முக்கால் மணி இடைவெளியில் மூன்று வண்டி. சாயங்காலம் கழக்கூட்டத்திலிருந்து ஐந்தரை, ஆறரை, எட்டு மணிக்கு மூன்று. ராத்திரி ஒன்பதரை போல சென்ட்ரலிலிருந்து ஒரு கடைசி வண்டி. அந்தக் கடைசி வண்டியில் முதல் ஆறு மாதம் பத்துப் பேர்தான் இருப்பார்கள். அதை வைத்து நிறுத்திவிடக் கூடாது. ஆறரை வண்டியில் சீசன் எடுப்பவர், "தவறினாலும் ஒன்பதரைக்கு ஒன்று உண்டு" என்ற தைரியத்தில்தான் எடுக்கிறார். கடைசி வண்டியை நிறுத்தினால் அதற்கு முந்தைய வண்டியும் காலியாகும், என் ஸ்டேஷனில் நான் பார்த்தது அதுவே. அட்டவணையை ஒரு வருஷத்துக்கு ஐந்து நிமிடம்கூட மாற்றுவதில்லை என்று எழுத்தில் கேளுங்கள்.

சராசரியாக மணிக்கு 45 கிலோமீட்டர், நிறுத்தங்கள் உட்பட, போனாலே ஜங்ஷனிலிருந்து சென்ட்ரலுக்கு ஒன்றரை மணி சொச்சம். குழித்துறையிலிருந்து ஒரு மணிக்குள். பஸ்ஸில் இதே தூரத்துக்கு ஆகிற நேரத்தை நீங்களே அறிவீர்கள்.

பிளாட்பாரத்தையும் மறக்காதீர்கள். சிறு நிறுத்தங்களில் இன்னும் பிளாட்பாரம் தாழ்வாகவே இருக்கிறது. உயரமான பிளாட்பாரம் என்றால் தண்டவாள மட்டத்திலிருந்து 76 முதல் 84 சென்டிமீட்டர். தாழ்ந்தது அதில் பாதிக்குச் சற்று மேல். கீமோ முடிந்து திருவனந்தபுரம் புற்றுநோய் மையத்திலிருந்து வருகிற ஒருவரை இரண்டு பேர் கீழே நின்று கைத்தாங்கலாக இறக்கியதை ஒரு சாயங்காலம் நான் பச்சைக்கொடியை மடக்கிப் பிடித்துக்கொண்டு பார்த்து நின்றேன். வண்டிக்கு ஒரு நிமிடம்தான் நிறுத்தம். மூன்று நிமிடம் நின்றது. தாமதத்துக்குக் காரணம் எழுதும் இடத்தில் உள்ளதை உள்ளபடி எழுதினேன்.

மனுவை எங்கே கொடுப்பது? கோட்ட மேலாளருக்கு ஒன்று, கோட்ட ரயில் பயனாளர் ஆலோசனைக் குழு உறுப்பினருக்கு ஒன்று, நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒன்று. ஆயிரம் கையெழுத்தைவிட ஒரு பக்கக் கணக்குக்கு அங்கே மரியாதை அதிகம். உங்கள் சங்கத்தில் நாலு பேர் சேர்ந்து, குழித்துறையிலும் இரணியலிலும் ஒரு நாள் முழுக்க வாசலில் நின்று எண்ணுங்கள்: எந்த வண்டிக்கு எத்தனை பேர் ஏறினார்கள், எத்தனை பேர் இறங்கினார்கள், எப்படி வந்தார்கள். அதே நாள் களியக்காவிளை பஸ் நிறுத்தத்தில் காலை ஆறு முதல் ஒன்பது வரை திருவனந்தபுரம் பஸ்களில் ஏறுகிறவர்களையும் எண்ணுங்கள், அதில் ஐம்பது பேரிடம் "சாயங்காலம் எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள்?" என்று மட்டும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். செவ்வாயோ புதனோ வைத்துக்கொள்வது நல்லது. திங்களும் வெள்ளியும் ஊருக்குப் போய்வருகிறவர்கள் சேர்ந்துவிடுவதால் கணக்கு பெருத்துக் காட்டும், அதை முதல் பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.